தஞ்சாவூர் நாலு வீதியில கலை பாக்க கிளம்புறவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் வடக்கு வீதிப் பக்கம் பொறந்து வளந்தவ. ஞாயித்துக்கிழமை காலையில தெருவுல நாலஞ்சு பேரை கூட்டிக்கிட்டு அரண்மனை, பெரிய கோயில், மேல வீதின்னு சுத்துறது ரொம்ப வருஷப் பழக்கம். சொந்தக்காரங்க, புதுசா குடிவந்தவங்க, வெளியூர்ல இருந்து வர்ற பிள்ளைங்கன்னு எல்லாரும் திரும்பத் திரும்ப இதையேதான் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு முடியல, அதனால அவங்க கேட்ட மாதிரியே கேள்வியை வெச்சு எழுதிட்டேன்.

அக்கா, தஞ்சாவூர்ல ஆர்ட் எக்ஸிபிஷன் எல்லாம் எங்க நடக்குது? சென்னை மாதிரி கேலரி ஒண்ணும் கண்ணுல படலையே?

சென்னை மாதிரி தேடுனா கண்ணுல படாதுதான். வெள்ளைச் சுவர், ஏசி ரூம், மாசாமாசம் புது ஓவியர்னு இங்க கிடையாது. ஆனா ஒரே ஊர்ல, நடந்து போற தூரத்துல, சோழர் காலத்து வெண்கலம், நாயக்கர் கட்டின அரண்மனை, மராட்டிய ராஜா சேத்த நூலகம், இன்னிக்கும் உளி சத்தம் கேக்குற வீணைப் பட்டறை எல்லாமே இருக்கு. கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி, இந்த நாலு ராஜ வீதியும் அதுங்களை ஒட்டின சந்துகளும்தான் நம்ம கேலரின்னு வெச்சுக்குங்க.

தற்காலிகக் கண்காட்சி வேணும்னா மூணு இடத்தை கவனிச்சுக்கிட்டே இருங்க. மெடிக்கல் காலேஜ் ரோட்டுல தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கு, கைவினைக் கண்காட்சி, கரகம், பொய்க்கால் குதிரைன்னு நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிகள் அங்க நடக்கும், பொய்க்கால் குதிரையே மராட்டியர் காலத்துல இங்க வேர்விட்ட ஆட்டம்னு சொல்லுவாங்க, அதை இந்த ஊர்லயே பாக்குறது தனி சந்தோஷம். ரெண்டாவது அரண்மனைக்குள்ள சங்கீத மகால், அங்க கைவினைப் பொருள் வெச்சிருப்பாங்க. மூணாவது கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி. மாடர்ன் ஆர்ட் பாக்கணும்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது இதைத்தான், பசங்க வேலையை காட்சிக்கு வெக்கிறப்போ போய்ப் பாருங்க, கூச்சப்படாம பேசுங்க, அவங்க சொல்லிக் காட்டுற அழகே தனி.

அரண்மனைக்குள்ள எத்தனை டிக்கெட்தான் எடுக்கணும்? ஒவ்வொரு வாசல்லயும் காசு கேக்குறாங்க, ஏமாத்துறாங்களா?

யாரும் ஏமாத்தல. ஒரே வளாகத்துக்குள்ள வேற வேற நிர்வாகம் இருக்கு, அதனாலதான் தனித்தனி டிக்கெட். தர்பார் மண்டபம் ஒண்ணு, சிலைகள் இருக்குற கலைக்கூடம் ஒண்ணு, சரஸ்வதி மகால் நூலகம் ஒண்ணு. லீவு நாளும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாதிரி, அதனால கிளம்புறதுக்கு முந்தின நாள் போன் பண்ணி கேட்டுட்டு வாங்க. சில்லறையும் கையில வெச்சுக்குங்க.

எல்லாத்துக்கும் டிக்கெட் எடுத்து எல்லாத்தையும் ஒரே மூச்சுல பாத்துடணும்னு நினைக்காதீங்க. நான் கூட்டிட்டு போறவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு இடம்தான். முதல் தடவை வர்றவங்கன்னா கலைக்கூடம் மட்டும்.

கலைக்கூடத்துல எல்லாமே சாமி சிலைதானே, அரை மணி நேரத்துல முடிஞ்சிடாது?

முடிக்கணும்னா பத்து நிமிஷத்துலயே முடிச்சிடலாம், நிறைய பேர் அப்படித்தான் ஒரு பக்கம் நுழைஞ்சு இன்னொரு பக்கம் வெளிய வர்றாங்க. நான் சொல்றதை ஒரு தடவை செஞ்சு பாருங்க: உள்ள போனதும் வேற எதையும் பாக்காம ரிஷபவாகனர் எங்கன்னு கேட்டு நேரா அங்க போய் நில்லுங்க. சீர்காழிக்கு அந்தப் பக்கம் இருக்குற திருவெண்காடு கோயிலோடது, முதலாம் ராஜராஜன் காலம், 1011ல செஞ்சது. மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்து 1950களோட தொடக்கத்துலதான் வெளிய வந்துச்சு.

சிவன் நிக்கிறாரு. சூலம் இல்ல, மழு இல்ல, நாலு கை கூட இல்ல, நம்மள மாதிரி ரெண்டே கை. சடையை தலைப்பாகையா சுத்தி வெச்சிருக்காரு, கிட்டக்க போய் பாத்தாதான் அதுல பாம்பும் சேந்து சுத்தியிருக்குறது தெரியும். ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்க வெச்சு, ஒரு கையை லேசா மடக்கி எது மேலயோ சாய்ச்சு வெச்ச மாதிரி நிப்பாரு. அந்த "எது"தான் நந்தி. நந்தி இப்ப இல்ல, காணாமப் போச்சு. ஆனா அந்தக் கையையும் வளைஞ்ச இடுப்பையும் பாத்துக்கிட்டே இருந்தீங்கன்னா அங்க ஒரு மாடு நிக்கிறது உங்களுக்கே தெரியும், எவ்வளவு உயரம், முதுகு எங்க இருக்கும்னு கூட சொல்லிடலாம். எங்க தெருவுல பால் கறக்குற ஒரு அம்மா பாத்த உடனே சொன்னாங்க, "மாட்டு மேல கை போட்டு நிக்கிறவனுக்கு தோள் இப்படித்தான் இறங்கும்"னு. அதுக்கு மேல நான் விளக்க ஒண்ணுமே இல்லாம போச்சு.

அவரோட தேவி சிலை அடுத்த வருஷம் செஞ்சது, அதையும் சேத்துப் பாருங்க. அதே திருவெண்காட்டுல இருந்து வந்த பிட்சாடனரும் (பிச்சை கேக்குற கோலத்து சிவன்), கல்யாணசுந்தரரும் (பார்வதியை கைப்பிடிக்கிற கல்யாணக் கோலத்து சிவன்) இருக்காங்க. மீனாட்சி கல்யாணமோ பார்வதி கல்யாணமோ, கல்யாணக் கோலத்துல பொண்ணோட முகம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க அந்த தேவியோட தலை குனிஞ்ச விதத்தை ரெண்டு நிமிஷம் பாக்கணும். அன்னிக்கு இந்த மூணு மட்டும் பாத்தா போதும்.

சரஸ்வதி மகால்ல ஓலைச்சுவடியை கையில எடுத்துப் பாக்க விடுவாங்களா?

சுற்றிப் பாக்க வர்றவங்களுக்கு விடமாட்டாங்க, அது சரியும்தான். ஆராய்ச்சிக்கு வர்றவங்க முறையா அனுமதி வாங்கி படிக்கலாம். நமக்கு சின்ன அருங்காட்சியகம் ஒண்ணு முன்னாடியே இருக்கு. தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு, மராத்தின்னு நாலு பாஷை சுவடியும் இந்த ஒரு கூரைக்குள்ள இருக்கு. நாயக்கர் காலத்துல ஆரம்பிச்சு, இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832 வரை ஆண்டவர்) பைத்தியமா சேத்து பெருசாக்கினது, 1918ல பொதுமக்களுக்குன்னு ஆச்சு.

பசங்களை கூட்டிட்டுப் போனா லெ ப்ருன்னு ஒரு பிரெஞ்சு ஓவியரோட படங்களை காட்டுங்க. மனுஷ முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரைஞ்சிருப்பாரு, இது ஆந்தை, இது ஆடுன்னு. எங்க அண்ணன் பையன் அதுல அவங்க கணக்கு வாத்தியாரை கண்டுபிடிச்சுட்டான், அதுக்கப்புறம் அந்த ரூமை விட்டு வரவே மாட்டேன்னுட்டான்.

பெரிய கோயிலை நூறு தடவை பாத்தாச்சு, இதுக்கு மேல அங்க என்ன இருக்கு?

கல்வெட்டு. விமானத்தை அண்ணாந்து பாத்துட்டு போயிடுறோம், அடியில எழுதியிருக்குறதை பாக்குறதில்ல. 1010ல கட்டி முடிச்ச கோயில்ல ஆட 400 பெண்களை சோழ நாட்டு கோயில்கள்ல இருந்து கூட்டிட்டு வந்து, கோயிலைச் சுத்தி தெருவுல குடி வெச்சு, யார் எந்த ஊர்ல இருந்து வந்தாங்க, எந்தச் சிறகுல (வீட்டு வரிசையில) எந்த வீடுன்னு கல்லுல வெட்டி வெச்சிருக்காரு ராஜராஜன். "தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு"ன்னு கதவு நம்பரோட. அந்தத் தெருவுக்கு தளிச்சேரின்னு பேரு, தலைக்கு ஒரு பங்கு, வருஷம் 100 கலம் நெல்லு. ஆயிரம் வருஷம் முன்னாடி இந்த ஊர்ல கலைஞர்களுக்குன்னே ஒரு குடியிருப்பு இருந்திருக்கு, அவங்க பேரு அழியாம இருக்கு, இதை படிக்கிறப்ப எனக்கு இன்னிக்கும் தொண்டை அடைக்கும்.

கருவறையைச் சுத்தி உள்ள இருக்குற சோழர் ஓவியங்கள் 1931ல தெரிய வந்தது, மேல நாயக்கர் கால ஓவியம், அதுக்கு அடியில சோழர் ஓவியம். அந்த இடத்துக்குள்ள எல்லாரையும் விடமாட்டாங்க, அதோட பிரதிகளை வளாகத்துலயே இருக்குற காட்சிக் கூடத்துல வெச்சிருக்காங்க, அதைப் பாருங்க. மேல் தளத்துல 108 நாட்டியக் கரணங்கள்ல 81 மட்டும் செதுக்கி, மிச்சக் கல்லு வெறுமனே நிக்குது, அங்கயும் ஏற விடுறதில்ல. ஆனா சுப்பிரமணியர் சன்னதிக்கு எந்தத் தடையும் இல்ல. நாயக்கர் காலத்து வேலை, கல்லா மரமான்னு தொட்டுப் பாக்கத் தோணும், தொடாதீங்க. அப்படியே திருச்சுற்று சுவர்ல 1803ல சரபோஜி வெட்ட வெச்ச மராத்திக் கல்வெட்டு இருக்கு, அவங்க குடும்ப வரலாறு முழுசும், சுவர் நீளத்துக்குப் போய்க்கிட்டே இருக்கும்.

எந்த மாசம் வந்தா நெறைய நிகழ்ச்சி பாக்கலாம்?

மார்கழி தை பக்கம் வந்தா திருவையாறு தியாகராஜர் ஆராதனை, மாசியில சிவராத்திரி சமயம் பெரிய கோயில்ல நாட்டியாஞ்சலி, சித்திரையில தேரு (பல வருஷம் ஓடாம இருந்து 2015ல புதுத் தேர் செஞ்சு நாலு வீதியில ஓட்டினாங்க, அன்னிக்கு நின்ன கூட்டத்துல நானும் ஒருத்தி), வைகாசியில கருட சேவையும் முத்துப் பல்லக்கும் மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகமும், ஐப்பசியில ராஜராஜனோட சதய விழா. எல்லாமே நட்சத்திரம், திதி கணக்கு, அதனால இங்கிலீஷ் தேதி வருஷா வருஷம் மாறும், பஞ்சாங்கத்தையோ தினசரி காலண்டரையோ பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

என்னைக் கேட்டா வைகாசிதான். வெயில் கொளுத்தும், ஆனா ஊர் ராத்திரில முழிச்சிருக்குற மாசம் அதுதான்.

கருட சேவை, முத்துப் பல்லக்கு எல்லாம் திருவிழாதானே, அதை ஏன் கலை லிஸ்ட்ல சேக்குறீங்க?

வந்து நின்னு பாத்தா இந்தக் கேள்வியே வராது. வைகாசி திருவோணத்தன்னிக்கு ஊர்ல இருக்குற 20க்கும் மேற்பட்ட பெருமாளுங்க கருட வாகனத்துல நாலு ராஜ வீதிக்கும் வரிசையா வருவாங்க, முன்னாடி திருமங்கையாழ்வார், பின்னாடி வெண்ணாத்தங்கரை நீலமேகப் பெருமாள், மணிக்குன்றப் பெருமாள், வீரநரசிம்மர்னு. ஒவ்வொரு கருடனும் ஒவ்வொரு முகம். ஒண்ணுக்கு மீசை முறுக்கா இருக்கும், ஒண்ணு சிரிக்கும், ஒண்ணுக்கு கண்ணு ரொம்ப பெருசு, ஒண்ணு பக்கத்துல வர்றப்ப மேல்முலாம் தேஞ்சு செம்பு தெரியும். மரச்சிற்பமும் தகட்டு வேலையும் அலங்காரமும் வெவ்வேற தலைமுறை கை. இத்தனை வாகனத்தை ஒரே காலையில வரிசையா காட்டுற கண்காட்சி வேற எங்க இருக்கு சொல்லுங்க, அதுவும் நம்ம வீட்டு வாசல்ல கோலத்து மேல நின்னுட்டுப் போகும்.

முத்துப் பல்லக்கு திருஞானசம்பந்தர் குருபூஜையை ஒட்டி வரும், பல கோயில் பல்லக்கு ராத்திரி முழுக்க வீதிகளைச் சுத்தும். பல்லக்கு ஜோடிப்புல இருக்குற கைவேலையைப் பாருங்க, நாதஸ்வரக்காரங்க ஒரு திருப்பத்துல நின்னு மல்லாரில இருந்து ராகத்துக்கு மாறுறதைக் கேளுங்க. தூங்குற குழந்தையை தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறவங்கதான் இங்க ரசிகர்கள், அவங்க தலையாட்டுறதைப் பாத்தே எது நல்ல வாசிப்புன்னு தெரிஞ்சுக்கலாம்.

மேல வீதியில பெருசா ஒண்ணும் இல்லையே, கடைங்கதானே, ஏன் நடக்கச் சொல்றீங்க?

பரதநாட்டியம் கத்துக்குற பொண்ணு வீட்ல இருந்தா அவளை கூட்டிட்டு வந்து நடங்க. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானான்னு அவ மேடையில ஆடுற வரிசையை ஒழுங்குபடுத்தின பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு நாலு பேரும் இந்த மேல வீதிக்காரங்க. பங்காரு காமாட்சி அம்மன் கோயிலும் இங்கதான், சியாமா சாஸ்திரி பாடின அம்மன். காலையில ஏழு மணிக்கு முன்னாடி கடை திறக்காத நேரத்துல நடந்தீங்கன்னா பழைய திண்ணை, மரத்தூண் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், பத்து மணிக்கு மேல போர்டும் பைக்கும்தான் தெரியும்.

திருவையாறு ஆராதனைக்கு பாஸ் வாங்கணுமா? பாட்டு தெரியாதவங்க போலாமா?

பாஸ் எதுவும் வேண்டாம், இலவசம், தரையில உக்காரணும், அவ்வளவுதான். தஞ்சாவூர்ல இருந்து 13 கிலோமீட்டர், பஸ் இருந்துக்கிட்டே இருக்கும். தியாகராஜர் 1847ல சமாதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்னிக்கு காலையில நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகம்னு அஞ்சு கீர்த்தனையை நூத்துக்கணக்கான பேர் ஒண்ணா பாடுவாங்க. அதுக்கு விடியக்காலையே போனாதான் இடம். மத்த நாள்ல சாவகாசமா போனாலும் நல்ல கச்சேரி கேக்கலாம், பெரிய வித்வான் பாடி முடிச்ச அதே மேடையில அடுத்து ஒரு சின்னப் பையன் வந்து உக்காருவான்.

பாட்டு தெரியலைன்னா கவலையே படாதீங்க. சமாதிக்கு எதிர்ல பெங்களூர் நாகரத்தினம்மாள் சிலை இருக்கு, கை கூப்பி உக்காந்திருப்பாங்க. தேவதாசி மரபுல வந்தவங்க, சொந்த நகையை வித்து இந்த சமாதியை எடுத்துக் கட்டினவங்க, பொம்பளைங்க இங்க பாடக்கூடாதுன்னு இருந்ததை எதுத்து நின்னு மாத்தினவங்க. அவங்க முன்னாடி ரெண்டு நிமிஷம் நில்லுங்க. வர்றப்ப பாசிப்பருப்புல செய்ற அசோகா வாங்கிட்டு வாங்க, சூடா இருக்கறப்பவே.

மெலட்டூர் பாகவத மேளா தெலுங்குலயாமே, ஒண்ணும் புரியாம விடிய விடிய உக்காரணுமா?

கதை உங்களுக்குத் தெரியும், பிரகலாதன் கதை. பாஷை தெலுங்கு, மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதினது, நாயக்கர் கொடுத்த ஊர்ல வந்து தங்கின குடும்பங்கள் இன்னிக்கும் ஆடுறாங்க. ஆம்பளைங்கதான் எல்லா வேஷமும் கட்டுவாங்க. லீலாவதியா வர்றவர் பிள்ளையை நினைச்சு அழுறப்ப அவர் ஆம்பளைன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நரசிம்மர் முகமூடி கோயில்ல வெச்சு பூஜை பண்றது, அதைப் போட்டுக்குறவர் விரதம் இருப்பாரு. விடியற நேரத்துல தூண் பிளந்து அவர் வர்றப்போ நாலு பேர் சேந்து பிடிச்சிருக்கணும், அந்த ஆவேசத்துக்கு பாஷை வேண்டியதில்ல. ராத்திரி முழுக்க உக்கார முடியலைன்னா சாயங்காலம் தூங்கிட்டு ரெண்டு மணிக்கு மேல போங்க. ஒரு ஜமக்காளமும் தண்ணி பாட்டிலும் போதும்.

பட்டறைக்குள்ள சும்மா போய் பாக்கலாமா? எதுவும் வாங்காம வந்தா திட்டுவாங்களா?

யாரும் திட்ட மாட்டாங்க, ஆனா கேட்டுட்டுப் போங்க. வாசல்ல நின்னு "ஐயா, வேலையை கொஞ்சம் பாத்துட்டுப் போலாமா"ன்னு கேட்டா பெரும்பாலும் உக்காரவே சொல்லுவாங்க. ஊருக்குள்ள வீணை செய்ற குடும்பங்கள் இருக்கு, தஞ்சாவூர் வீணைக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பலா மரம், முக்கியமா பண்ருட்டிப் பக்கத்து பலா. ஒரே மரத்துல குடம், தண்டி, யாளி முகம் வரைக்கும் குடைஞ்சு எடுத்தா அது ஏகாண்ட வீணை. விரல் வெச்சு அழுத்துற கட்டைக்கு மெட்டுன்னு பேரு, அந்த 24 மெட்டை மெழுகுல கரித்தூள் கலந்து ஒவ்வொண்ணா பதிப்பாங்க, அந்த நேரத்துல மட்டும் பேச்சுக் கொடுக்காதீங்க, அவங்க காதாலதான் அந்த வேலையைச் செய்றாங்க.

சுவாமிமலை கும்பகோணத்துக்குப் பக்கம், அதுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க. தேன்மெழுகு, குங்கிலியம் எல்லாம் கலந்து காய்ச்சி முதல்ல மெழுகு உருவம் செய்வாங்க, அளவுக்கு தென்னை ஓலையை சிலை உயரத்துக்கு வெட்டி மடிச்சு மடிச்சு வெச்சுப்பாங்க, டேப் இல்ல. அதுக்கு மேல காவேரி வண்டல் மண்ணைப் பூசுறது. முதல் பூச்சு மை மாதிரி அவ்வளவு நைஸா இருக்கும், மெழுகுல இருக்குற நகக் கோடு கூட மண்ணுல பதியும். காஞ்சதும் சூடு பண்ணா மெழுகு உருகி வெளிய வந்துடும், அந்தக் காலி இடத்துல உலோகத்தை ஊத்துவாங்க. ஆறின பிறகு மண்ணை உடைச்சாதான் சிலை, அதனால ஒரு அச்சுக்கு ஒரே ஒரு சிலை. நம்ம ஆத்து மண்ணு இல்லாட்டி இந்தத் தொழிலே இங்க வந்திருக்காது. இதைப் பாத்துட்டு மறுபடி ரிஷபவாகனர்கிட்ட போனீங்கன்னா, மூணாவது கேள்வியில சொன்னேனே அந்த சடை, அதை மெழுகுல இழுத்த விரல் தெரியும்.

ஒண்ணு மட்டும்: போன உடனே செல்போனை எடுத்து வீடியோ ஓட விடாதீங்க. அவங்க கை வேலை, அவங்க வீடு. முதல்ல பாருங்க, அப்புறம் கேளுங்க, சரின்னா எடுங்க.

தஞ்சாவூர் ஓவியம் ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பலகை, ரேக்கு (மெல்லிசான தங்கத் தகடு), முகம். பலா பலகைதான் பழைய வழக்கம், இப்ப நிறைய பேர் பிளைவுட்ல செய்றாங்க, அது மோசடி இல்ல, ஆனா என்னன்னு சொல்லி விக்கணும். பலகை மேல துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் கலந்து பூசி, நகை, தூண், திரைச்சீலை எல்லாம் மேடா எழுப்பி, அதுக்கு மேல 22 கேரட் தங்க ரேக்கு ஒட்டுவாங்க. பக்கவாட்டுல சாய்ச்சு பாருங்க, ரேக்கு மேடு பள்ளத்தோட ஒட்டி உக்காந்திருக்கணும், அங்கங்க தூக்கிக்கிட்டு பேப்பர் மாதிரி நின்னா சந்தேகப்படுங்க. போலி ரேக்கு ஆரம்பத்துல கண்ணைக் கூசுற மாதிரி பளபளக்கும், தங்கம் அடக்கமா மினுங்கும்.

நானே கல்யாணமான புதுசுல ஒரு கடையில தங்கம்னு சொன்னதை நம்பி கிருஷ்ணர் படம் வாங்கினேன், மூணு மழைக்காலத்துல கிரீடம் கறுத்துப் போச்சு. இப்பல்லாம் பில்லுல "22 கேரட் ரேக்கு, இன்ன பலகை"ன்னு எழுதி வாங்காம வர்றதில்ல. பழக்கம் இல்லாதவங்க முதல்ல காந்திஜி ரோட்டுல அரசு பூம்புகார் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா பாத்துட்டு, கண்ணைப் பழக்கிட்டு மத்த இடத்துக்குப் போங்க. கடைசியா முகம். முகத்தை கடைசியிலதான் எழுதுவாங்க, நல்ல கை முகத்துலதான் தெரியும். மிச்சம் எல்லாம் சரியா இருந்து கண்ணு உயிரில்லாம இருந்தா வாங்காதீங்க.

பேரம் பேசலாமா?

கடையில பேசுங்க. பட்டறையில செஞ்சவர்கிட்டயே வாங்குறப்ப பேசாதீங்க. முந்தின பதில்ல சொன்ன வேலையை ஒரு தடவை பக்கத்துல உக்காந்து பாத்தவங்களுக்கு வாய் வராது.

பசங்க போரடிக்குதுன்னு அழுறாங்க, என்ன பண்றது?

அவங்களுக்கு ஒரு வேலை கொடுங்க. கோயில்ல யாளி எத்தனைன்னு எண்ணச் சொல்லுங்க, அரண்மனையில உயரமா நிக்கிற கோபுரத்துக்கு எத்தனை தளம்னு கேளுங்க. சரஸ்வதி மகால் படங்களை மேலயே சொல்லிட்டேன். ஒரு தலையாட்டி பொம்மை வாங்கிக் கொடுத்து எவ்வளவு சாய்ச்சாலும் ஏன் எழுந்துக்குதுன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க, அடிப்பாகம் உருண்டையா கனமா இருக்கும், அதுதான் சூட்சுமம். தாராசுரம் கூட்டிட்டுப் போனா யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்குற சிற்பத்தை கையால பாதி மறைச்சு காட்டுங்க, அரை மணி நேரம் அதுலயே போயிடும்.

அப்பாவுக்கு முட்டி வலி, வெயில்ல வெறுங்கால்ல நடக்க முடியாது. அவரை கூட்டிட்டு வரலாமா?

தாராளமா. பெரிய கோயிலுக்கு காலையில எட்டு மணிக்குள்ள இல்ல சாயங்காலம் அஞ்சரைக்கு மேல வாங்க, நடுவுல கல்லு தகிக்கும், மதியம் 12:30ல இருந்து 4 மணி வரைக்கும் சன்னதி நடையும் சாத்தியிருக்கும். தடியான சாக்ஸ் போட்டுக்கச் சொல்லுங்க. அரண்மனை கோபுரத்துல ஏற வேண்டாம், படி செங்குத்தா இருக்கும். திருச்சுற்று மாளிகையில நிழலா ஒரு இடத்துல அவரை உக்கார வெச்சுட்டு நீங்க சுத்திட்டு வாங்க, நிழல் விமானத்து மேல நகர்றதை உக்காந்த இடத்துலயே பாக்கலாம், எங்க அப்பா கடைசி வருஷங்கள்ல அப்படித்தான் பாத்தாரு.

பொம்பளைங்க மட்டும் ராத்திரி நிகழ்ச்சிக்கு வரலாமா?

நான் இருபது வயசுல இருந்து போறேன். முத்துப் பல்லக்கு அன்னிக்கு வீதி முழுக்க குடும்பம் குடும்பமா இருப்பாங்க, பயமில்ல. மெலட்டூருக்கு மட்டும் திரும்பி வர்ற வண்டியை முன்னாடியே பேசி வெச்சுக்குங்க, அந்த நேரத்துல பஸ் இருக்காது.

நாங்க வேற மதம், கோயிலுக்குள்ள விடுவாங்களா? விட்டாலும் சங்கடமா இருக்குமே?

பெரிய கோயில் வளாகத்துக்குள்ள எல்லாரும் வரலாம், வெளிநாட்டுக்காரங்க தினம் வர்றாங்க. நான் மேல சொன்ன கல்வெட்டு, சுப்பிரமணியர் சன்னதி வெளிச்சுவர், காட்சிக் கூடம் எல்லாம் அங்கதான். கருவறைக்குப் போறது பத்தி அங்க இருக்குறவங்க சொல்றதைக் கேட்டுக்குங்க.

கோயிலை ஒட்டியே சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்துல 1779ல கட்டின ஸ்வார்ட்ஸ் சர்ச் இருக்கு, அதை நம்ம ஊர்க்காரங்களே பாக்குறதில்ல. உள்ள ஒரு சலவைக்கல் சிற்பம், படுத்த படுக்கையா இருக்குற ஸ்வார்ட்ஸ் பாதிரியார் கையை சரபோஜி ராஜா பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. ஃபிளாக்ஸ்மேன்னு லண்டன் சிற்பி செஞ்சது. தன்னை வளத்து ஆளாக்கின குருவுக்கு ஒரு இந்து ராஜா வெச்ச நினைவுச் சின்னம், சர்ச்சுக்குள்ள. சோழர் வெண்கலம் பாத்த கண்ணோட அதைப் பாருங்க, கல்லுல கையைப் பிடிச்சிருக்குற விதம் வேற ஒரு நாட்டுக்காரர் பாத்த விதம்னு தெரியும்.

சுவாமிமலையில சிலை வாங்கி சிங்கப்பூர் கொண்டு போகணும், ஏர்போர்ட்ல பிடிப்பாங்களா?

பேப்பர் இல்லாட்டி நிறுத்தி வெப்பாங்க. 1972 சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள், அதை வெளிய கொண்டு போக முடியாது. புதுசா செஞ்சதுன்னாலும் பாக்க பழசு மாதிரி இருக்கும், அதனால இது தொல்பொருள் இல்லைன்னு தொல்லியல் துறையோட சான்றிதழ் வேணும். ஸ்தபதிகிட்டயே சொல்லிடுங்க, அவங்களுக்கு இது அடிக்கடி வர்ற வேலை, கிளம்புற தேதிக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிங்க. யாராவது "பழைய சிலை, வீட்ல இருந்தது"ன்னு ரகசியமா காட்டினா அந்த இடத்தை விட்டு வந்துடுங்க.

எல்லாம் சரி, கும்பிட வேண்டிய சாமியை கண்ணாடிக்குள்ள வெச்சு டிக்கெட் போட்டு காட்டுறது சரியா அக்கா?

இதைத்தான் எங்க அத்தை ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க. எனக்கும் முழு சமாதானம் கிடையாது. பட்டறையில கண் திறந்து, கோயில்ல பட்டு கட்டி, வீதி உலா வர்றதுக்குன்னு செஞ்ச உருவம் அது, கருட சேவையில நம்ம வாசலுக்கு வர்ற பெருமாள் மாதிரி. ஆனா திருட்டையும் நினைச்சுப் பாக்கணும். நம்ம டெல்டாவுல பத்தூர்னு சின்ன ஊரு, 1976ல மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச நடராஜர் லண்டன் வரைக்கும் போயிட்டாரு, அங்க கோர்ட்ல கேஸ் நடத்தி 1991லதான் திரும்பி வந்தாரு. ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவுல மியூசியத்துல நின்னுட்டு 2014ல வந்தாரு. பூட்டு சரியில்லாத, ஒரு வேளை பூஜைக்கே ஆள் இல்லாத கோயில் எத்தனை இருக்கு. அதனாலதான் திருவாரூர்ல பாதுகாப்பு மையம் வெச்சு நூத்துக்கணக்கான ஊர் சாமியை அங்க பத்திரமா வெச்சிருக்காங்க, விசேஷத்துக்கு மட்டும் ஊருக்குப் போயிட்டு வர்ற சாமிங்களும் உண்டு.

எந்த ஊர் சாமி எங்க இருக்குன்னு ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சிருந்தா போதும்னு நான் நினைக்கிறேன். கலைக்கூடத்துல சிலைக்குக் கீழ எழுதியிருக்குற ஊர் பேரை படிங்க, உங்க ஊராவோ உங்க அம்மா ஊராவோ இருந்தா வீட்டுக்குப் போய் சொல்லுங்க. எங்க அத்தை இப்பவும் அங்க வந்தா செருப்பை வாசல்லயே விட்டுட்டுதான் நுழைவாங்க. திருவெண்காட்டு தேவி முன்னாடி நின்னு தேவாரம் ஒரு பதிகம் மெதுவா சொல்லுவாங்க, காவலுக்கு இருக்குறவர் அதுவரைக்கும் பின்னாடி வர்ற கூட்டத்தை அந்தப் பக்கமா போகச் சொல்லி கை காட்டுவாரு.